பெரம்பூர் வழி, ரங்கூன் வழி

(எம்.கே.பி. நகரில் ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"பௌத்த தியான வகுப்பு" என்று நோட்டீஸ் ஒட்டியதும் நம் பகுதியில் இரண்டு விதமாகப் பேச்சு வந்ததாம். "அதெல்லாம் பெசன்ட் நகர், திருவான்மியூர் ஆளுங்களுக்கு. ஷிஃப்டு முடிச்சு வர்றவனுக்குத் தூக்கம் வந்தா போதாதா?" என்பது ஒன்று. அடுத்தது கொஞ்சம் கூர்மையானது: "புத்தர் நம்ம ஆளுதான். ஆனா அவர் கண்ணைத் திறக்கச் சொன்னவராச்சே, நீங்க ஏன் மூடச் சொல்றீங்க?" முதல் பேச்சுக்குப் பதில் பின்னால் வருகிறது. இரண்டாவதைக் கேட்டவர் யாராக இருந்தாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்க ஆசை. நூறு வருடத்துக்கு மேலாக இந்த வட்டாரம் புத்தரைப் பற்றிப் பேசிய பேச்செல்லாம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

நம் பக்கத்துக்குப் புத்தர் இரண்டு வழியாக வந்தார். ஒன்றைப் பெரம்பூர் வழி என்பேன். இன்னொன்றை ரங்கூன் வழி என்பேன். இரண்டும் நம் வட்டாரத்தைத் தொட்டும் ஒன்றையொன்று சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்பது என் வருத்தம். அவற்றை ஒரே கூடத்தில் உட்கார வைக்க முடியுமா என்று கேட்கத்தான் இன்று வந்திருக்கிறேன்.

பெரம்பூர் வழியை இங்கே நிறையப் பேர் அறிவீர்கள். பண்டிதர் அயோத்திதாசர் 1898-இல் பிரம்மஞான சபைக் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கைக்குப் போய், கொழும்பில் சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பினார். ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கியது. 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வாரப் பத்திரிகை. பிறகு அது 'தமிழன்' ஆயிற்று. சங்கத்தின் கிளைகள் கோலார் தங்கவயலில், பெங்களூரில், ரங்கூனில், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில்கூட இருந்தன. சுரங்கத்துக்கும் துறைமுகத்துக்கும் தோட்டத்துக்கும் தமிழன் போன இடமெல்லாம் சங்கமும் போயிற்று என்று பாருங்கள். பண்டிதர் 1914-இல் மறைந்த பிறகும் இது நிற்கவில்லை. இதோ பக்கத்தில், பெரம்பூரில் பௌத்த சங்கம் இயங்கியது. அதற்குத் தோள் கொடுத்தவர் பேராசிரியர் லட்சுமி நரசு, இயற்பியல் பாடம் சொன்னவர். 1907-இல் பௌத்தத்தின் சாரம் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூலை 1948-இல் தம் முன்னுரையோடு மறுபதிப்பாகக் கொண்டுவந்தவர் அண்ணல் அம்பேத்கர். அந்தக் காலத்துச் சென்னைப் பௌத்தக் கூட்டங்களில் இன்னொரு முக்கியமான ஆள் சிங்காரவேலர். மீனவர் குடும்பத்துப் பிள்ளை, வக்கீல். 1923-இல் இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடிய அதே சிங்காரவேலர்தான். தொழிற்சங்கக் கொடியைத் தூக்குவதற்கு முன்னாலேயே அவர் கையில் புத்தர் இருந்தார்.

இந்தச் சங்கங்களில் என்ன நடந்தது? கூடினார்கள், சீலம் சொன்னார்கள், படித்தார்கள், வாதம் செய்தார்கள். கல்யாணத்தையும் சாவையும் பார்ப்பானில்லாமல், தாழ்த்துகிற சடங்கில்லாமல் நடத்திக்கொள்ள வழி கண்டார்கள். லட்சுமி நரசுவின் புத்தர், சாமி இல்லாத, அற்புதம் இல்லாத, காரண காரியம் பேசுகிற புத்தர். கண்ணை மூடி உட்காருவது அங்கே நடு விஷயமாக இருக்கவில்லை. அதில் எனக்குக் குறை இல்லை. தெருவுக்குள்ளேயே விடமாட்டேன் என்ற ஊரில், முதலில் வேண்டியது எல்லோரும் சமமாக உட்காரும் ஒரு கூடம். உட்கார்ந்து என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி.

அதற்காகத் தியானம் தமிழனுக்கு வெளியூர்ச் சரக்கு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தேரவாத தியானத்துக்கு இன்றுவரை பெரிய கையேடாக இருக்கிற 'விசுத்திமக்கம்' ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் புத்தகோசர் எழுதியது. மூச்சைக் கவனிப்பதை எப்படித் தொடங்குவது, எங்கே தடுக்கும், தடுத்தால் என்ன செய்வது என்று பட்டறை ஆசாரி மாதிரி விளக்குகிற நூல். அந்தப் புத்தகோசர் காஞ்சிபுரத்தில் ஜோதிபாலர் என்ற பிக்குவோடு தங்கியிருந்ததைத் தம் உரைநூல் ஒன்றில் அவரே குறித்து வைத்திருக்கிறார். அபிதம்மத்துக்கும் விநயத்துக்கும் நூல் செய்த புத்ததத்தர் உறையூர்க்காரர். காவிரிப்பூம்பட்டினத்து விகாரையில் இருந்து எழுதியவர். ஆக, நம் வீட்டில் இருந்து போன பண்டம் கடல் சுற்றித் திரும்பி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடல் சுற்றியதுதான் ரங்கூன் வழி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பற்றி நம்மிடையே பேச்சு குறைவு.

அயோத்திதாசர் பிறந்தது 1845. அதற்கு அடுத்த வருடம், 1846-இல், பர்மாவில் ஒரு பிள்ளை பிறந்து பிக்கு ஆகிறது. லெடி சயடோ என்று பின்னால் பேர் பெற்றவர். 1885-இல் வெள்ளைக்காரன் மாண்டலேயைப் பிடித்து மன்னரை நாடு கடத்தினான். மன்னர் போனால் மடங்களைத் தாங்க யாருமில்லை. பௌத்த சாசனம் அழிந்துவிடுமோ என்று அந்த நாட்டுப் பிக்குகள் கவலைப்பட்டார்கள். லெடி சயடோ கண்ட வழி துணிச்சலானது: மடத்துக்குள் இருந்த படிப்பையும் தியானத்தையும் சம்சாரிகள் கையில் கொடுத்துவிடுவது. எளிய பர்மிய மொழியில் எழுதினார், ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். யோசித்துப் பாருங்கள், ஒரே காலத்தில், ஒரே சாம்ராஜ்யத்தின் கீழே, வங்கக் கடலின் இந்தக் கரையில் ஒருவர் புத்தரைச் சேரி மக்களின் உரிமையாகக் கேட்கிறார்; அந்தக் கரையில் ஒருவர் தியானத்தை உழவன் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுபோகிறார். இருவரும் சந்தித்திருந்தால் என்று ஏங்குவது வரலாற்று மாணவனுக்கு அழகில்லை, இருந்தாலும் ஏங்குகிறேன்.

லெடி சயடோவிடம் கற்ற சயா தெட்ஜி ஒரு விவசாயி. அவரிடம் கற்ற ஊ பா கின் ஒரு கணக்கு அதிகாரி. சுதந்திர பர்மாவின் கணக்காளர் நாயகம் வரை உயர்ந்தவர். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது ஒரு காரியம். தம் அலுவலகத்திலேயே, கூட வேலை செய்கிற குமாஸ்தாக்களையும் அதிகாரிகளையும் சேர்த்து ஒரு தியான சங்கம் வைத்தார். பிறகுதான், 1952-இல், ரங்கூனில் அவருடைய சர்வதேசத் தியான மையம் வந்தது. முதலில் ஆபீஸ் சங்கம், அப்புறம் மையம். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப இதற்கு வருவேன். அதே ரங்கூனில் 1949 முதல் மகாசி சயடோ இன்னொரு முறையைக் கற்றுக்கொடுத்து வந்தார். ஊ பா கின் முறையில் கவனம் மூக்கு நுனியில் தொடங்குகிறது; மகாசி முறையில் வயிறு ஏறுவதும் இறங்குவதும். மகாசி முறையில் நடை தியானத்துக்கும் உட்காருவதற்குச் சமமான இடம் உண்டு.

ஊ பா கினிடம் 1955-இல் வந்து சேர்ந்தவர் மாண்டலேயில் பிறந்த மார்வாடி வியாபாரி, சத்ய நாராயண கோயங்கா. வந்த காரணம் ஒற்றைத் தலைவலி. மார்ஃபின் ஊசி வரை போன தலைவலி. தலைவலிக்கு மருந்தாக இதைக் கேட்காதே, அது தம்மத்தைச் சிறுமைப்படுத்துவது என்று ஊ பா கின் முதலில் திருப்பி அனுப்பினாராம். நோட்டீஸைப் பார்த்து பி.பி. குறையுமா, சுகர் இறங்குமா என்று கேட்டவர்களுக்கு இந்தக் கதையைச் சமர்ப்பிக்கிறேன். (சிரிப்பு.) கேட்டதில் தப்பில்லை, கோயங்காவும் அப்படித்தான் வந்தார்.

1962-இல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டொரு வருடங்களில் தொழிலும் கடைகளும் தேசியமயம். கோயங்கா குடும்பத்தின் ஆலைகள் போயின. அங்கே பிழைக்கப் போயிருந்த நம் ஆட்களின் பெட்டிக் கடை, சாப்பாட்டுக் கடை, வட்டிக் கடை எல்லாம் அதே அலையில் போயின. கப்பல் கப்பலாகச் சென்னையில் வந்து இறங்கினார்கள். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியிருப்பு கொடுத்தார்கள். இந்தக் கூட்டத்தில் அந்தக் குடும்பங்களின் பேரப் பிள்ளைகள் இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். 1969-இல் பாரிமுனையில் பர்மா பஜார் வந்தது. அதே 1969-இல் கோயங்கா இந்தியாவுக்கு வந்து, ஜூலையில் பம்பாயில் முதல் பத்து நாள் முகாமை நடத்தினார். சென்னையிலும் அந்த ஆண்டே முகாம் நடந்தது.

இங்கே ஒரு கேள்வி என்னை ரொம்ப நாளாகக் குடைகிறது. பர்மாவில் இருந்து வந்த நம் மக்கள் அத்தோ, மொய்ங்கா என்ற சாப்பாட்டு வகைகளைக் கொண்டு வந்தார்கள், பீலிக்கான் முனீஸ்வரரைக்கூட கப்பலேற்றிக் கொண்டு வந்து இதோ சத்தியமூர்த்தி நகரில் கோயில் கட்டினார்கள். பகோடா நிழலில் இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்தவர்கள் தியானத்தை மட்டும் ஏன் கொண்டு வரவில்லை? என் கணிப்பு எளியது. அந்தத் தியான மையங்களே அப்போது புதியவை. விறகு சுமப்பவனும் மூட்டை தூக்குபவனும் வேலையை விட்டுப் பத்து நாள் போய் உட்கார வழி இருக்கவில்லை. முனீஸ்வரர் தெருவில் இருந்தார், தியானம் மையத்தில் இருந்தது. தெருவில் இருப்பதுதான் மனிதனோடு கப்பல் ஏறும்.

இந்த பர்மாக் கதையில் இன்னொரு ஆள் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பர்மாவில் 1936-இல் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த அமா சாமி என்ற இயேசு சபைப் பாதிரியார், ஜப்பானில் யமதா கோவுன் என்ற ஜென் ஆசிரியரிடம் பயின்று, கொடைக்கானல் பெருமாள்மலையில் 1996-இல் போதி ஜென்டோ என்ற மையத்தைத் திறந்தார். பாதிரியார் நடத்தும் பௌத்த தியானக் கூடம். மதம் மாறித்தான் இதைக் கற்க வேண்டும் என்று பயப்படுகிறவர்கள் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்க்கலாம்.

சரி, முகாம் என்றால் என்ன? தாம்பரம் ரயிலில் போய்ப் பல்லாவரத்தில் இறங்கினால் திருநீர்மலை தாண்டி, திருமுடிவாக்கம் பக்கம் 'தம்ம சேது' என்ற விபஸ்ஸனா மையம் இருக்கிறது. கோயங்கா மரபில் உலகெங்கும் ஒரே கால அட்டவணைதான். மராட்டியத்தில் உள்ள இகத்புரி மையத்தில் எப்படியோ அப்படியேதான் இங்கும். விடிகாலை நாலு மணிக்கு மணி அடிக்கும். நாலரைக்கு உட்கார வேண்டும். ஆறரைக்குச் சிற்றுண்டி, பதினோரு மணிக்குச் சாப்பாடு, சாயங்காலம் ஐந்து மணிக்குப் புதியவர்களுக்கு டீயும் பழமோ பொரியோ. ராத்திரிச் சாப்பாடு கிடையாது. ஏழு மணிக்குச் சொற்பொழிவு, தமிழிலும் கேட்கலாம். ஒன்பதரைக்கு விளக்கணைப்பு. ஒரு நாளில் ஏறத்தாழ பத்து மணி நேரம் தியானம். செல்போனை முதல் நாளே வாங்கி வைத்துவிடுவார்கள். புத்தகம், பேனா கிடையாது. பேச்சு கிடையாது; பக்கத்துப் படுக்கைக்காரரின் கண்ணைப் பார்த்துச் சிரிப்பதுகூடக் கூடாது. ஆண்கள் பெண்கள் தனித்தனிப் பகுதி.

முதல் மூன்றரை நாள் மூச்சு மட்டும். இழுத்து விடும் பிராணாயாமம் இல்லை. தானாக வருகிற மூச்சு, மூக்கு வாசலில், மேலுதட்டுக்கு மேலே எங்கே தொடுகிறது என்று பார்ப்பது. நாலாம் நாள் விபஸ்ஸனா. உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை உடம்பில் என்ன என்ன உணர்ச்சி எழுகிறதென்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவது. அரிப்பா, சூடா, மரத்துப்போனதா, வலியா, எதுவானாலும் பார், இது வேண்டும் என்று தாவாதே, இது வேண்டாம் என்று உதறாதே, வந்தது போகும். அன்றிலிருந்து நாளைக்கு மூன்று தடவை, ஒரு மணி நேரம் கை கால் அசைக்காமல் இருப்பதென்று தீர்மானம். முழங்கால் சொல்லும் கதையை அப்போதுதான் முழுசாகக் கேட்போம். பத்தாம் நாள் மைத்ரி, எல்லோருக்கும் நலம் வேண்டுவது. வாயும் அன்றுதான் திறக்கும். பத்து நாள் ஊமையாக இருந்த கூட்டம் அன்று பேசுகிற பேச்சைக் கேட்க வேண்டுமே, கொத்தவால்சாவடி தோற்றது!

கட்டணம் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தியானத்துக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிற இடங்கள் இப்போது நிறைய. இந்த மரபில் முன்பு படித்தவர் கொடுத்த தானத்தில் இன்றைக்குப் படிப்பவர் சாப்பிடுகிறார். முடித்த பிறகு விரும்பினால் அடுத்தவருக்காக நாமும் கொடுக்கலாம். முடிக்காமல் கொடுக்க வந்தால் வாங்கமாட்டார்கள். 1994-இல் காவல்துறை அதிகாரி கிரண் பேடி சிறைப் பொறுப்பில் இருந்தபோது திகார் சிறைக்குள்ளேயே ஆயிரம் கைதிகளுக்கு மேல் ஒரே முகாமில் உட்கார்ந்தார்கள். பணமும் ஓய்வும் உள்ளவர்களின் விளையாட்டு என்று இதை ஒதுக்க முடியாது என்பதற்கு அது ஒன்றே போதும்.

ஆனால் சிறைக் கைதிக்குக் கிடைக்கிற பத்து நாள் ஹார்பர் கான்ட்ராக்ட் தொழிலாளிக்குக் கிடைக்காது. இதுதான் என் வாதத்தின் மையம். பத்து நாள் என்பது முன்னும் பின்னும் சேர்த்துப் பன்னிரண்டு நாள். தினக்கூலிக்கு அது பாதி மாதச் சம்பளத்துக்குப் பக்கம். வீட்டு வேலைக்குப் போகும் அம்மா நாலு வீட்டில் பன்னிரண்டு நாள் லீவு கேட்டால், திரும்பி வரும்போது இரண்டு வீட்டில் வேறு ஆள் இருப்பார். கைக்குழந்தைக்காரிக்கு, படுத்த மாமியாரைப் பார்க்கிறவளுக்கு முகாம் என்பது கனவு. போக முடிந்தவர்கள் போங்கள், நிச்சயம் போங்கள். அவ்வளவு அமைதியை இந்தத் தெருவில் வைத்துக்கொண்டு யாராலும் தர முடியாது. ஆனால் போய் வந்தவர்களுக்கு என்ன ஆகிறது? காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி வீட்டில் உட்காரச் சொல்லி அனுப்புகிறார்கள். முதல் வாரம் நடக்கும். அப்புறம் காலை மணி அரை மணி ஆகும். தண்ணி லாரி வரும் நேரம் தியான நேரத்தில் மோதும். பத்துக்குப் பத்து வீட்டில் டி.வி. ஓடும், பிள்ளைகள் படிக்கும், ஒருவர் மட்டும் மூலையில் கண்ணை மூடி இருந்தால் "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள். இரண்டு மாதத்தில் விட்டுப் போனவர்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அவர்கள் சோம்பேறிகள் இல்லை. அவர்களுக்குக் கூட உட்கார ஆள் இல்லை.

பெரம்பூர் வழியில் கூட உட்கார ஆள் இருந்தார்கள். உட்காரும் பயிற்சி பின்னுக்கு இருந்தது. ரங்கூன் வழியில் பயிற்சி இருக்கிறது. தெருவில் சங்கம் இல்லை. ஊ பா கின் முதலில் ஆபீஸில் சங்கம் வைத்தார் என்றேனே, அதைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் மராட்டியத்தில் உண்டு. சங்கரட்சிதர் என்ற ஆங்கிலேய பிக்கு அம்பேத்கரை நேரில் அறிந்தவர். 1956 டிசம்பர் 6 அன்று அண்ணல் மறைந்த செய்தி வந்தபோது நாக்பூரில் இருந்து, இடிந்துபோன மக்களிடம் பேசியவர். பிறகு இங்கிலாந்துக்குத் திரும்பி அவர் தொடங்கிய இயக்கத்தின் கிளை 1970-களின் இறுதியில் புனேயில் வேர் விட்டது. இன்று திரிரத்ன பௌத்த மகாசங்கம் என்ற பேரில் இயங்குகிறது. அவர்கள் செய்தது என்ன? பௌத்தக் குடியிருப்புகளுக்குள்ளேயே வார வகுப்பு. மூச்சு தியானம் ஒரு நாள், மைத்ரி தியானம் ஒரு நாள், அதோடு அம்பேத்கர் படிப்பு. பிள்ளைகளுக்கு விடுதி. பாஜா குகைகளுக்குப் பக்கத்தில் முகாம் இடம். வேலைக்குப் போகிறவர்களும் வந்து போகும்படி சிறிய முகாம்கள். அந்தச் சங்கரட்சிதர் சீடர்களிடம் நடந்துகொண்ட விதம் பற்றி மேலை நாட்டில் கடுமையான குற்றச்சாட்டுகள் எழுந்தன, கடைசிக் காலத்தில் அவரே வருத்தம் தெரிவிக்க வேண்டி வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். எந்த ஆசிரியரையும் கேள்வி கேட்கலாம் என்ற உரிமை இருக்கிற கூடத்தில்தான் உங்கள் பிள்ளைகளை உட்கார வையுங்கள். எங்கள் கூடத்துக்கும் அது பொருந்தும்.

இப்போது அந்தக் கூர்மையான கேள்விக்கு வருகிறேன். கண்ணை மூடச் சொல்வது போராட்டத்தை மழுக்கும் என்ற சந்தேகம் மராட்டியத்தில் அம்பேத்கரியர்கள் நடுவிலும் உண்டு. அண்ணலே 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரையில் பிக்கு எதற்காக என்று கேட்கிறார்: தன்னளவில் பூரண மனிதன் ஆவதற்கா, சமூகத்துக்குத் தொண்டு செய்வதற்கா? முதலாவது மட்டும்தான் என்றால் பௌத்தத்துக்கு அதனால் பிரயோசனம் இல்லை என்பது அவர் கட்சி. நம் கூடத்துக்கும் அதே அளவுகோல்தான்.

அதுவும் நம் வட்டாரத்தில் "மூச்சைக் கவனி" என்று சொல்ல ஒரு நெஞ்சுரம் வேண்டும். தென்மேற்கிலிருந்து காற்று ஒரு மாதிரி, கொடுங்கையூர்ப் பக்கமிருந்து காற்று இன்னொரு மாதிரி. முந்நூறு ஏக்கருக்கு மேல் பரந்த குப்பைமேடு. அதற்குப் பக்கத்தில் எரிஉலை வேண்டாமென்று ஜனங்கள் கை கோத்து நிற்கிறார்கள். எண்ணூர் பெரியகுப்பத்தில் 2023 டிசம்பர் 26 ராத்திரி, கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, தூங்கிய ஜனங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். அந்த மாதத் தொடக்கத்தில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரத்தில் படிந்தது. அந்த ஊரில் ஒருவன் போய், "வருகிற மூச்சை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள், வெறுக்காதீர்கள்" என்று உபதேசம் செய்தால் அவனைப் படகில் ஏற்றி விட்டுவிடலாம்.

சொல்லித்தர வேண்டியது வேறு. மூச்சை உண்மையாகவே கவனிக்கப் பழகியவனுக்குத்தான் காற்று கெட்டது முதலில் தெரியும். நாம் எல்லோரும் நாற்றத்துக்குப் பழகிவிட்டோம். விருந்தாளி வந்து மூக்கைப் பொத்தும்போதுதான் நமக்கு உறைக்கிறது. சதிபட்டான சூத்திரத்தில் புத்தர் நாலு இடத்தில் கவனம் வைக்கச் சொல்கிறார்: உடம்பு, உணர்ச்சி, மனம், தம்மங்கள். உடம்பில் நடப்பதை மழுப்பாமல் பார் என்றால், இருமலையும் மழுப்பாமல்தான் பார்க்க வேண்டும். மனதில் எரிகிற கோபத்தைக் கவனிப்பதும் கோபத்தின் காரணத்தை மறப்பதும் ஒன்றல்ல. மனுநீதி நாளில் அதிகாரி முன்னால் மனு கொடுக்கும்போது கை நடுங்காமல், வார்த்தை தடுமாறாமல் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கிறவளைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த நிதானத்தைப் பழக்குகிற இடமாக நான் இந்த வகுப்பைப் பார்க்கிறேன்.

அதனால் நம் வகுப்பு எப்படி நடக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஒன்றரை மணி நேரம். முதல் அரை மணி உட்காருவது. தரையில்தான் என்று கட்டாயம் இல்லை. நாற்காலியில், சுவரில் சாய்ந்து, எப்படியும். கண்ணை மூடப் பிடிக்காதவர்கள் தரையைப் பார்த்தபடி திறந்தே வைத்திருக்கலாம். மூச்சு மேலுதட்டுக்கு மேலே தொடும் இடத்தைப் பார்க்க வேண்டியது. மனசு சீட்டுக் கட்டப் போகும், கரண்ட் பில்லுக்குப் போகும், நாத்தனார் சொன்ன சொல்லுக்குப் போகும். போனது தெரிந்ததும் திட்டிக்கொள்ளாமல் திரும்பி வாருங்கள். அப்படித் திரும்பி வருவதுதான் பயிற்சி. போகாமல் இருப்பது பயிற்சி என்று நினைத்து ஏமாறாதீர்கள். கேப்டன் காட்டன் கால்வாய்க் கொசு கட்டாயம் வரும். திருமுடிவாக்கத்தில் அசையாமல் இருப்பதைப் பெரிதாகச் சொல்வார்கள். டெங்கு உள்ள ஊரில் கொசுவை விரட்டுவதுதான் விழிப்பு. (சிரிப்பு.)

இழுப்பு உள்ளவர்கள், பழைய தொழிற்சாலை வேலையால் நெஞ்சு கெட்டவர்கள், மூச்சைக் கவனித்தாலே பதற்றம் கூடுகிறவர்கள் மூச்சை விட்டுவிடுங்கள். மகாசி மரபில் நடை தியானம் என்றேனே, அது உங்களுக்கு. கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மெதுவாக, கால் தூக்குவது, நகர்வது, பதிவது என்று பார்த்துக்கொண்டே நடக்கலாம். அடுத்தது முக்கியம். தூக்கமில்லாமல் மாதக்கணக்கில் இருப்பவர்கள், காதில் குரல் கேட்பவர்கள், உயிரை விடலாமா என்று தோன்றுகிறவர்கள் நேராகப் பத்து நாள் முகாமுக்கு விண்ணப்பம் போடாதீர்கள். அந்த விண்ணப்பத்திலேயே மனநோய் பற்றிக் கேட்பார்கள்; மறைக்காதீர்கள். நீண்ட மௌனம் எல்லோருக்கும் மருந்தல்ல, சிலருக்கு அது காயத்தைக் கிளறும். நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி. 1794-இல் தொடங்கிய நிறுவனம். அங்கே போவதில் வெட்கம் எதுவும் இல்லை.

உட்கார்ந்த பிறகு அரை மணி படிப்பு. ஒரு வாரம் அயோத்திதாசர், ஒரு வாரம் லட்சுமி நரசு, ஒரு வாரம் அம்பேத்கர், ஒரு வாரம் சூத்திரம் ஒன்று. படிக்கத் தெரியாதவர்கள் கேட்கலாம், வாதமும் செய்யலாம். கடைசி அரை மணி ஏரியாப் பேச்சு: குழாய், குப்பை, ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம். தியானம் பண்ணிவிட்டு உடனே குப்பையைப் பற்றிப் பேசுவதா என்று ஒரு நண்பர் முகம் சுளித்தார். அதைச் சேர்த்துப் பேசுவதற்காகத்தான் இந்தக் கூடம் என்று அவரிடம் சொன்னேன். அவர் வருவாரா தெரியாது.

பத்து நாள் முகாமுக்குப் போக முடியாதவர்களுக்கு மாதம் ஒரு ஞாயிறு, காலை முதல் மாலை வரை இங்கேயே மௌனமாக இருக்கப் பார்க்கிறோம். சமையலைப் பெண்கள் தலையில் கட்டக் கூடாது என்பதில் நான் பிடிவாதம். அன்றைக்கு ஆண்கள்தான் அடுப்படி. சாம்பார் எப்படி இருந்தாலும் மௌனம் என்பதால் யாரும் குறை சொல்ல முடியாது. (சிரிப்பு.) கைக்குழந்தைக்காரிகள் வரலாம், குழந்தை அழுதால் அழட்டும். காணிக்கைப் பெட்டி எதுவும் வைக்கப் போவதில்லை. டீச் செலவுக்கு முறை வைத்துக்கொள்ளலாம். ஷிஃப்டுக்காரர்களுக்கு ஞாயிறு ஒத்துவராது என்று முன்னாலேயே சொல்லியிருக்கிறார்கள். முதல் ஷிஃப்டு விட்டு வருபவர்களுக்குப் புதன்கிழமை நாலரைக்கு ஒரு கூட்டம் வைக்கலாமா என்பதை அவர்களே பேசி முடிவு செய்யட்டும். கூடத்தின் சாவி கூட்டத் தலைவரிடம் இருக்கிறது.